நாய் வளர்க்குறவன் 12 நாள் பூனை பார்த்துக்கிட்டேன்: கட்டியாகுற பூனை மண்ணு பத்தி என் ரிவ்யூ

நேரா விஷயத்துக்கு வரேன். இது பூனைங்க ஒண்ணுக்கு, ரெண்டுக்கு போற ட்ரேல கொட்டுற மண்ணு பத்தின ரிவ்யூ. பென்டோனைட் களிமண்ல செஞ்சது, ஈரம் பட்டா கட்டியாகுற டைப், வாசனை எதுவும் சேர்க்காதது. கடைல கேட் லிட்டர்னு கேட்டா தருவாங்க, ஆனா தமிழ்ல லிட்டர்னு எழுதினா பால் அளக்குற லிட்டர் மாதிரி குழப்புது, அதனால நான் மண்ணுன்னே எழுதுறேன். எந்த கம்பெனின்னு சொல்லப்போறதில்ல, இந்த வகைய நிறைய பேர் போடுறாங்க, நான் சொல்றது பெரும்பாலும் எல்லாத்துக்கும் பொருந்தும்.

மண்ணுக்கு போய் இவ்ளோ நீளமா எழுதணுமான்னு கேட்பீங்க. காரணம் இருக்கு. நான் விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து நாயோடயே இருந்தவன். எங்க வீட்டு மணிக்கு இப்ப 9 வயசு. நாய்க்கு ஏதாவது ஒண்ணுன்னா அது நேரா நம்மகிட்ட வந்து நிக்கும், கதவுகிட்ட போய் திரும்பிப் பார்க்கும், மூக்கால முட்டிய இடிக்கும், வெளிய கூட்டிட்டு போனா எங்க கால தூக்குச்சு, எவ்ளோ நேரம் நின்னுச்சு, ரெண்டுக்கு போனது கெட்டியா தண்ணியா எல்லாமே நம்ம கண்ணு முன்னாடி நடக்கும். தனியா கவனிக்கணும்னே தோணாது, அது பாட்டுக்கு தெரிஞ்சுடும். பூனை அப்படி இல்ல. போகும், தோண்டும், இருக்கும், மூடும், வந்து ஜன்னல்ல உட்காந்துக்கும். வலி இருந்தா ஒளிச்சு வைக்கும். சில பூனைங்க வலியிலயும் குர்ருகுர்ருன்னு சத்தம் விடும், நாம என்னவோ சந்தோஷமா இருக்குன்னு நினைச்சுப்போம். அப்ப அதோட உடம்பு எப்படி இருக்குன்னு நமக்கு யாரு சொல்றது? அந்த வீட்ல எனக்கு அத சொன்னது இந்த மண்ணுதான்.

மாடி வீட்டு அக்கா அவங்க அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு 12 நாள் வெளியூர் போக வேண்டி வந்துச்சு. ரெண்டு பூனை. மிளகுன்னு ஒரு கருப்பு பொண்ணு, பஞ்சுன்னு வெள்ளையும் மஞ்சளுமா ஒரு பையன். ரெண்டுக்கும் கருத்தடை ஆபரேஷன் ஆயிடுச்சு, வீட்டுக்குள்ளயே இருக்குறதுங்க. "தம்பி, நீ மணிய பார்த்துக்குற விதத்த பார்த்துதான் உன்கிட்ட விட்டுட்டு போறேன், ஆனா நாய்க்கு பண்றத அப்படியே இதுங்களுக்கு பண்ணிடாத"ன்னு சொல்லிட்டு முதல்ல அவங்க கேட்டது என்ன தெரியுமா, மணிக்கு உண்ணி மருந்து எப்ப விட்டேன்னு. நாய்க்கு கழுத்துல விடுற மருந்துல சிலதுல பெர்மெத்ரின் இருக்கும், நாய்க்கு ஒண்ணும் பண்ணாது, பூனைக்கு அது விஷம், நடுக்கம் வந்து வலிப்பு வரைக்கும் போயிடும். மருந்து விட்ட நாய தடவிட்டு அதே கையோட பூனைய தூக்க வேணாம், துணி மாத்திட்டு கை கழுவிட்டு வான்னாங்க. இத்தன வருஷமா நாய் வளர்க்குறேன், இத எனக்கு யாரும் சொன்னதில்ல. படிக்கிற நாய் வீட்டுக்காரங்க தயவுசெஞ்சு இத மட்டுமாவது மனசுல வச்சுக்கோங்க. அதே மாதிரி நாய் சாப்பாடு மிச்சம் இருந்தா பூனைக்கு போட்டு ஓட்டிடலாம்னும் நினைக்காதீங்க, பூனை உடம்பு டாரின்ங்குற சத்த தேவையான அளவுக்கு தானே தயாரிச்சுக்காது, சாப்பாட்டுல இருந்தே வரணும், தொடர்ந்து கிடைக்கலன்னா கண்ணும் இதயமும் கெட்டுடும்.

அப்புறம் ட்ரே இருக்குற இடத்துக்கு கூட்டிட்டு போனாங்க. ரெண்டு பூனைக்கு மூணு ட்ரே. பூனை எண்ணிக்கையோட ஒண்ண கூட்டிக்கணும்கறது பூனை வளர்க்குறவங்க மத்தியில பொதுவான கணக்காம், ஒரே இடத்துல வரிசையா வைக்காம தனித்தனியா வைக்கணும், இல்லன்னா ஒண்ணு போகும்போது இன்னொண்ணு வழிமறிச்சு உட்காந்துக்கும். மூடி இல்லாத பெரிய ட்ரே, பூனை நீளத்துல ஒண்ணரை மடங்கு. உள்ள விரல் நீளத்துக்கு மண்ணு. பக்கத்துல ஓட்டை போட்ட கரண்டி, ஒரு மூடி வச்ச வாளி, ஒரு நோட்டு. "காலைல ஒரு தடவ, சாயந்திரம் ஒரு தடவ அள்ளு. எத்தன கட்டி, என்ன சைஸ், ரெண்டுக்கு எத்தன தடவ, நோட்ல எழுது"ன்னாங்க. எனக்கு அப்ப இது கொஞ்சம் ஓவரா தெரிஞ்சுச்சு. இப்ப அந்த நோட்ட நினைச்சா கண்ணு கலங்குது.

முதல் நாள் சாயந்திரம் நான் முதல் தடவையா அள்ளினத சொல்றேன். மேல பார்த்தா ஒண்ணுமே தெரியல, கடற்கரை மணல் மாதிரி சமமா இருக்கு, லேசா நகம் கீறின கோடு மட்டும். கரண்டிய ஓரத்துல விட்டு அடிவரைக்கும் மெதுவா தள்ளி தூக்கினா ஒரு உருண்டை வருது, எலுமிச்சம்பழத்த விட கொஞ்சம் பெருசு, மேல மணல் ஒட்டி சொரசொரன்னு, அடில தட்டையா. கரண்டிய லேசா ஆட்டினா சுத்தமான மண்ணு ஓட்ட வழியா சரசரன்னு கீழ விழுந்துடுது, உருண்டை மட்டும் நிக்குது. உடையல, சொட்டல. மூக்க கிட்ட கொண்டு போனேன், பெருசா வாடையே இல்ல. மணி சின்னக் குட்டியா இருக்கும்போது தரைல போனத மாப்பு போட்டு துடைச்சு துடைச்சு பழகின கைக்கு இது பெரிய ஆச்சரியம்.

இது எப்படி வேலை செய்யுதுன்னு தேடிப் படிச்சேன். பென்டோனைட்ங்குறது பெரும்பாலும் பழைய எரிமலைச் சாம்பல்லேர்ந்து உண்டான களிமண்ணு. அதுல சோடியம் அதிகமா இருக்குற வகைக்கு ஒரு குணம், உள்ள ரொம்ப மெல்லிசா அடுக்கு அடுக்கா இருக்கும், தண்ணி பட்டதும் அந்த அடுக்குகளுக்கு நடுவுல இழுத்துக்கிட்டு உப்பும், பக்கத்துல இருக்குற மண்ணுத் துகளோட ஒட்டிக்கும். எண்ணெய்க் கிணறு தோண்டும்போது விடுற சேத்துலயும் இதே களிமண்ணுதான் சேர்க்குறாங்க. கால்சியம் அதிகமா இருக்குற வகை இவ்ளோ உப்பாது, கட்டியும் அவ்ளோ உறுதியா வராது, அதனால பையோட பின்பக்கம் சோடியம் பென்டோனைட்னு போட்டிருக்கான்னு பார்த்து வாங்குங்க. இதெல்லாம் வர்றதுக்கு முன்னாடி வீட்டுக்குள்ள பூனை வச்சிருந்தவங்க மணலு, சாம்பல்னுதான் போட்டிருக்காங்க. 1947ல அமெரிக்காவுல எட் லோன்னு ஒருத்தர், பக்கத்து வீட்டுக்காரம்மா பூனைக்கு மணல் கேட்டு வந்தப்ப தன்கிட்ட இருந்த உறிஞ்சுற களிமண்ண குடுத்துப் பார்த்திருக்கார், அதுலேர்ந்துதான் இந்த வியாபாரமே ஆரம்பிச்சுது. ஆனா அது உறிஞ்சும், கட்டியாகாது. கட்டியாகுற வகை 1980கள்லதான் வந்துச்சு. என் கணக்குல அந்த ரெண்டாவதுதான் பெரிய விஷயம், ஏன்னா உறிஞ்சிட்டு மறைச்சுடுற மண்ணுல ஒண்ணுக்கு எவ்ளோ போச்சுன்னு நமக்கு தெரியாது, கட்டியா வந்தா எண்ணலாம், சைஸ் பார்க்கலாம்.

இப்ப நான் பண்ண தப்பு. மூணு நாள் நல்லா போச்சு. ஆனா எனக்கு மனசு கேக்கல, மணியோட இடத்த தினமும் கழுவி விட்டே பழகினதால, கட்டிய மட்டும் எடுத்துட்டு மிச்ச மண்ணுலயே மறுபடி போகச் சொல்றது பாவம்னு தோணுச்சு, அதனால தினமும் ஒரு ட்ரே மொத்தமா கொட்டிட்டு கழுவி புதுசு போட்டேன். அது தேவையே இல்ல. கட்டியாகுற மண்ணுல தினமும் அள்ளிட்டு குறைஞ்ச அளவ மட்டும் மேல சேர்த்தா போதும், முழுசா மாத்துறது ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு தடவதான். தன் வாடை கொஞ்சம் இருந்தாதான் பூனைக்கும் இது என் இடம்னு நம்பிக்கை. நான் கழுவி கழுவி அத அழிச்சதும் இல்லாம, 12 நாளுக்கு தாராளமா வரவேண்டிய மண்ணு நாலாம் நாளே தீர்ந்துபோச்சு.

அவசரத்துக்கு கிடைச்ச கடைல போனேன், அதே வகை இல்ல, பூ வாசனை சேர்த்தது இருந்துச்சு, அதுவும் கட்டியாகும்னு போட்டிருந்துச்சு, வாங்கிட்டு வந்து மூணு ட்ரேலயும் கொட்டிட்டேன். நமக்கு பிடிச்ச வாசனை அதுங்களுக்கும் பிடிக்கும்னு நினைச்சேன். மிளகு வந்தா, முன்னங்கால் ஒண்ண உள்ள வச்சா, உடனே எடுத்து உதறினா, ட்ரே விளிம்புலயே நாலு காலையும் வச்சு பேலன்ஸ் பண்ணி நின்னு என்ன ஒரு பார்வை பார்த்துட்டு இறங்கிப் போயிட்டா. பூனையோட மூக்கு நம்மளோடத விட பல மடங்கு கூர்மையானது, நமக்கு லேசா வர்ற வாசனை அதுக்கு முகத்துல அடிக்கிற மாதிரி இருக்கும். அடுத்த நாள் காலைல பாத்ரூம் வாசல்ல இருந்த மிதியடி நனைஞ்சு கிடந்துச்சு. மணி இப்படி பண்ணியிருந்தா குரல உசத்தியிருப்பேன், அன்னிக்கும் வாய் வரைக்கும் வந்துச்சு, நல்லவேளையா அடக்கிட்டேன். பூனை இப்படி இடம் மாத்திப் போறது பழிவாங்க இல்ல, ட்ரே சரியில்ல இல்லன்னா உடம்பு சரியில்லன்னு அர்த்தம், திட்டினா நமக்கு பயந்துகிட்டு இன்னும் ஒளிஞ்சுதான் போகும். அன்னிக்கு சாயந்திரமே மூணு கடை அலைஞ்சு வாசனை இல்லாத பழைய வகைய பிடிச்சு ரெண்டு ட்ரேல போட்டேன். அரை மணி நேரத்துல மிளகு உள்ள இறங்கி தோண்ட ஆரம்பிச்சா. அந்த சரக்சரக் சத்தம் கேட்டப்ப எனக்கு வந்த நிம்மதிய எழுத்துல சொல்லத் தெரியல. மண்ணு மாத்தியே ஆகணும்னா பழசுல கொஞ்சம் கொஞ்சமா புதுச கலந்து ஒரு வாரம் பத்து நாள்ல மாத்தணும்னு அப்புறம்தான் அக்கா போன்ல சொன்னாங்க.

மிளகு சரியாயிட்டா. பஞ்சுதான் சரியாகல, அது எனக்கு தெரியவும் இல்ல. சாப்பிட்டான், ஜன்னல்ல உட்காந்தான், வால தரைல பட்டு பட்டுன்னு அடிச்சுக்கிட்டு இருந்தான், நாய்க் கண்ணால பார்த்த எனக்கு அது குஷின்னு பட்டுச்சு. பூனை வால அப்படி அடிச்சா அது எரிச்சல், செங்குத்தா தூக்கிக்கிட்டு வந்தாதான் சிநேகம்.

7ஆம் நாள் காலைல அள்ளும்போது கரண்டில உருண்டை வரல. குட்டி குட்டியா வந்துச்சு. கோலி குண்டு சைஸ்ல ஒண்ணு, அடுத்தது அத விட சின்னது, தூக்கினதும் ரெண்டு உடைஞ்சு ஓட்ட வழியா விழுந்துடுச்சு. எண்ணினேன், பஞ்சு வழக்கமா போற ட்ரேல மட்டும் 11. நோட்ட திருப்பிப் பார்த்தேன். முதல் மூணு நாள் அவனுக்கு 3, 3, 2, எல்லாம் எலுமிச்சம்பழ சைஸ்னு என் கையெழுத்துலயே இருக்கு. ஆறாம் நாள் சாயந்திரம் 6, "சின்னது"ன்னு எழுதியிருக்கேன், எழுதிட்டு யோசிக்காம விட்டிருக்கேன். நான் அங்க நிக்கும்போதே பஞ்சு வந்து ட்ரேல ஏறினான், குந்தினான், ரொம்ப நேரம் அப்படியே இருந்தான், முதுகு கூனிப்போச்சு, மெல்லிசா ஒரு முனகல், இறங்கிப் போய் அடிய நக்கினான், மறுபடி வந்தான். நோட்டு இல்லன்னா நான் மலச்சிக்கல்னு நினைச்சு சாயந்திரம் பார்த்துக்கலாம்னு விட்டிருப்பேன், சத்தியமா.

அக்காவுக்கு போன் போட்டேன். "அக்கா, பஞ்சுவுக்கு கட்டி சின்ன சின்னதா 11 இருக்கு"ன்னு சொன்னதுதான் தாமதம், "தம்பி, குளிக்க கூட போகாத, கூடைல வச்சு இப்பவே டாக்டர்கிட்ட தூக்கிட்டு போ"ன்னாங்க. குரல் நடுங்குச்சு.

டாக்டரம்மா வயித்த அமுக்கிப் பார்த்தாங்க, ஸ்கேன் பண்ணாங்க. அடைப்பு இல்ல, கல்லும் இல்ல, மூத்திரப்பை சுவர் வீங்கியிருக்கு. கிருமியும் இல்லாம இப்படி வீங்குறது பூனைங்கள்ல நிறைய வருமாம், அதுக்கு மனக்கஷ்டம் பெரிய காரணமாம், வீட்டுக்காரங்க இல்லாதது, புது ஆளு, ட்ரே மாறினது எல்லாம் சேர்ந்து வந்திருக்கலாம்னாங்க. என்னால வந்திருக்கலாம்ங்குறது எனக்கு ரொம்ப வலிச்சுச்சு, இன்னும் வலிக்குது. அவங்க சொன்ன இன்னொண்ண அப்படியே எழுதுறேன், ஆண் பூனை வச்சிருக்குற எல்லாரும் படிக்கணும். ஆண் பூனையோட மூத்திரக்குழாய் ரொம்ப குறுகல், இந்த வீக்கத்துல சளி மாதிரி, மணல் மாதிரி ஏதாவது வந்து அடைச்சுக்கிட்டா மூத்திரம் மொத்தமா நின்னுடும், ரத்தத்துல பொட்டாசியம் ஏறி இதயத்த நிறுத்திடும், ஒரு நாள் ரெண்டு நாள்ல உயிரே போயிடும். குந்திக் குந்தி ஒண்ணும் வரலன்னா அது காலைல பார்க்குற விஷயம் இல்ல, ராத்திரின்னாலும் ஓடணும். வலி மருந்து குடுத்தாங்க, ஈரமான சாப்பாடு மட்டும் போடச் சொன்னாங்க, தண்ணி அதிகமா உள்ள போகணும்னாங்க. வீட்டுப் பூனையோட மூதாதை வறண்ட பிரதேசத்து காட்டுப்பூனை, அதனால இதுங்களுக்கு தாகமே கம்மி, வெறும் உலர் சாப்பாடு தின்னா மூத்திரம் ரொம்ப கெட்டியாகிடும்னு விளக்கமும் சொன்னாங்க. கிளம்பும்போது நோட்ட கேட்டு வாங்கிப் பார்த்துட்டு, "இந்தத் தகவல் இருந்தா எங்க வேலை பாதி முடிஞ்ச மாதிரி"ன்னாங்க.

சரி, ரிவ்யூன்னு சொல்லிட்டு குறைய சொல்லாம விடக்கூடாது. வெயிட்டு ஜாஸ்தி, பெரிய பைய மாடிக்கு தூக்குறது கஷ்டம். கொட்டும்போது தூசு கிளம்பும், உசரத்துலேர்ந்து கொட்டாதீங்க, பைய ட்ரேவோட ஒட்ட வச்சு மெதுவா சாய்ங்க, வீட்ல ஆஸ்துமா இருக்குறவங்க தூசு கம்மியான வகைய தேடி வாங்குங்க. பூனை காலோட ஒட்டிக்கிட்டு வீடு முழுக்க மணல் வரும், ஓட்டை ஓட்டையா இருக்குற மிதியடி ஒண்ணு ட்ரே முன்னாடி போட்டா பாதி குறையும், மிச்சத்த பெருக்கத்தான் வேணும். டாய்லெட்ல கொட்டி தண்ணி விடவே விடாதீங்க, உப்பி பைப்பையே அடைச்சிடும். கண்ணு திறந்து கொஞ்ச நாளே ஆன குட்டிங்களுக்கு இந்த வகை வேணாம், வாயில போட்டுப் பார்க்கும், வயித்துக்குள்ள போய் கெட்டியானா ஆபத்து. வீட்ல நாயும் இருந்தா ட்ரேய அது எட்டாத இடத்துல வைங்க, நாய்ங்க அத நோண்டித் தின்னும், நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். கர்ப்பமா இருக்குறவங்க அள்ளுற வேலைய வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்க. டாக்ஸோபிளாஸ்மான்னு ஒரு ஒட்டுண்ணி பூனை மலத்துல வரலாம், அது வெளிய வந்து 1லேர்ந்து 5 நாள் கழிச்சுதான் தொத்துற நிலைக்கு வரும், தினமும் அள்ளிடச் சொல்றதுக்கு அதுவும் ஒரு காரணம்.

வேற வகைங்க பத்தியும் ரெண்டு வார்த்தை. அக்கா முன்னாடி சிலிக்கா கிரிஸ்டல் போட்டிருக்காங்க, வாடைய நல்லா பிடிக்கும், ஆனா ஒண்ணுக்கு உள்ள இழுத்துக்கும், கட்டி வராது, எண்ண முடியாது. மரத்தூள் குச்சி, காகித உருண்டையும் அப்படித்தான். சோயா சக்கைல செய்யுற டோஃபு வகை கட்டியாகும், லேசாவும் இருக்கும், எனக்கு அத உபயோகிச்ச அனுபவம் இல்ல. அக்கா வீட்ல டைம் செட் பண்ணா சாப்பாடு போடுற மெஷினும் இருந்துச்சு, அது பரவாயில்ல, ஆனா யாரு சாப்பிட்டா யாரு சாப்பிடலன்னு அதுக்கு தெரியாது, பூனை ஒரு நாள் ரெண்டு நாள் முழுசா சாப்பிடாம இருந்தா ஈரல் கெட ஆரம்பிச்சுடும்கறதால நான் கிட்ட உட்காந்துதான் பார்த்தேன். மணி ஒரு வேளை சாப்பிடலன்னா அடுத்த வேளை தின்னுக்கும்னு விடுவேன், இங்க அது கூடாது.

மார்க் போடணும்னா இந்த மண்ணுக்கு 5க்கு 4.5. அரை மார்க் தூசுக்காக குறைச்சேன். வேற ஒருத்தர் பூனைய பார்த்துக்கப் போறீங்கன்னா அவங்க என்ன மண்ணு போடுறாங்களோ அதே பைய கூடுதலா ஒண்ணு வாங்கி வைக்கச் சொல்லுங்க, பேர போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, பக்கத்துல ஒரு நோட்டும் வைங்க. முதல் ரெண்டு நாள் எண்ணி எழுதினாதான் அந்தந்த பூனைக்கு எது சாதாரணம்னு தெரியும், மத்ததெல்லாம் அதோட ஒப்பிட்டுப் பார்க்குறதுதான்.

ஒன்பதாம் நாள் பஞ்சுவுக்கு கட்டி 5 ஆச்சு, பத்தாம் நாள் 4, கொஞ்சம் பெருசு. அக்கா வந்தப்ப செருப்ப கூட கழட்டாம வாசப்படியிலயே உட்காந்து நோட்டத்தான் முதல்ல பிரிச்சாங்க, பஞ்சு வால செங்குத்தா தூக்கிக்கிட்டு ஓடிவந்து அவங்க முழங்கால்ல தலைய தேய்ச்சான். கடைசி பக்கத்துல விரல வச்சு சத்தமா படிச்சாங்க. 12ஆம் நாள், காலை, பஞ்சு 3, எலுமிச்சம்பழ சைஸ்.